ஒரே அளவு, இரண்டு வாசிப்பு: நெய்வேலியில் ஓடை நீரும் நிலத்தடி நீரும்

நெய்வேலிச் சுரங்கத்துக்கு அருகே நிலத்துக்குள் இறக்கிய ஒரு கண்காணிப்புக் குழாயில், நீர்மட்டம் போன மாதத்தைவிட இரண்டு மீட்டர் இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுரங்கத்தின் நீர்க் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவருக்கு அது நிம்மதி. பம்புகள் ஒழுங்காக ஓடுகின்றன, வெட்டுக்குழியின் அடித்தளம் பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம். அதே இரண்டு மீட்டர் பக்கத்து ஊரில் நெல் போட்டிருப்பவருக்கு, மோட்டாரை இன்னும் ஒரு பைப் கீழே இறக்கும் செலவு. எண் ஒன்றுதான், படிப்பவர்கள்தான் வேறு.

நிலக்கரிச் சுரங்கத்தைச் சுற்றி நீரைக் கண்காணிப்பது பற்றிப் பேச நெய்வேலியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். இங்கே நீரை அளக்கவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நாட்டில் நிலத்தடி நீரை இவ்வளவு கவனமாகத் தொடர்ந்து பார்த்துவரும் சுரங்கப் பகுதிகள் குறைவு. ஆனால் எதற்காக அளக்கத் தொடங்கினார்கள் என்பதே எங்கே, எப்போது, எதை அளப்பது என்பதையும் தீர்மானித்துவிட்டது. சுரங்கத்தின் அடிக்காகப் போட்ட வலையை ஊரின் கிணற்றுக்கும் போதும் என்று எடுத்துக்கொண்ட இடத்தில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

தண்ணீர் தேடிய இடத்தில் கரி

1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது, பொங்கி வந்த நீரோடு கருப்புத் துகள்களும் வந்தன. அதுதான் பழுப்பு நிலக்கரி. நிலத்தடி நீரும் கரியும் இங்கே ஒரே துளையில் இருந்து வெளிவந்தவை. பிற்காலத்துப் பிரச்சினை முழுவதும் அந்த ஒரு துளையிலேயே இருந்தது என்றுகூடச் சொல்லலாம். 1956-ல் சுரங்கத்தை நடத்தும் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். மேலே மூடியிருந்த மண்ணை அள்ளி, கரிப் படுகையை எட்ட 1961 ஆகஸ்டு வரை ஆனது.

மேலிருந்து கீழே போனால் அடுக்கு இப்படி இருக்கும். முதலில் செம்மண்ணும் களிமண் கலந்த மணற்பாறையும், அதில் ஒரு மேல்நிலை நீர்த்தாங்கி, அதாவது நீரைத் துளைகளில் தாங்கி நிற்கும் மண் அடுக்கு. ஊர்க் கிணறுகளும் பழைய கையடிப் பம்புகளும் பெரும்பாலும் இதைத்தான் உறிஞ்சின. அதன் கீழே கரிப் படுகை. கரிக்கு அடியில், நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் வரை, கடலூர் மணற்பாறை எனப்படும் மணல் அடுக்குகள். அதில் நீர் சும்மா தேங்கி நிற்கவில்லை, அழுத்தத்தோடு அடைபட்டிருக்கிறது. வடக்கும் மேற்குமாகப் பண்ணுருட்டி, விருத்தாசலம் பக்கத்து மேட்டு நிலத்தில், முந்திரியும் பலாவும் நிற்கும் அந்தச் செம்மண்ணில் இறங்கும் மழை, கிழக்கும் தென்கிழக்குமாகச் சரிந்து கடலை நோக்கி நகர்கிறது. மேட்டில் இறங்கிய நீர் பள்ளத்தில் மூடிக்குள் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? துளை போட்டால் தானாகப் பொங்கும்.

கரிப் படுகையின் அடியில் இந்த நீர் மேல்நோக்கித் தள்ளும் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம். இந்த எண்ணோடு கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து மீட்டர் உயர நீர், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் தரும். ஆகவே 7 கிலோ என்றால் 70 மீட்டர் நீர்த்தூண். கரிக்கு மேல் 70 மீட்டர் மண் இருந்தால், ஈர மண்ணின் அடர்த்தியை நீரைப் போல இரண்டு மடங்கு என்று வைத்தால், அதே சதுர சென்டிமீட்டரில் அதன் எடை 14 கிலோ. கரி 15 மீட்டர் தடிமன் என்றால் அதன் எடை கிட்டத்தட்ட 1.7 கிலோ. மண் இருக்கும்வரை கீழே இருந்து 7, மேலே இருந்து பதினைந்துக்கும் மேல். எந்தக் கவலையும் இல்லை. மண்ணை அள்ளிய அன்று கீழே 7, மேலே வெறும் 1.7. கரிப் படுகை பிளந்து, குழிக்குள் நீர் பொங்கிவிடும்.

அதனால் கரியைத் தொடுவதற்கு முன்பே அடிநீரின் அழுத்தத்தை இறக்கியாக வேண்டும். மேலே போட்ட கணக்குப்படி, நீர்த்தூண் 70 மீட்டரில் இருந்து 17 மீட்டருக்கு வர வேண்டும். ஐம்பது மீட்டருக்கு மேல் இறக்கம். வெட்டுக்குழியின் ஓரமாகவும் தளத்திலும் ஆழ்துளைகள் போட்டு இரவு பகலாக இறைப்பது இதற்குத்தான். கரியை எடுத்த பின் அதே இடத்தில் மேல்மண்ணைக் கொட்டி நிரப்புகிறார்கள். அந்த மண்ணின் எடை பழையபடி அழுத்தத்தைச் சமாளித்துக்கொள்ளும். வெட்டு முன்னே நகர நகர, இறைக்கும் இடமும் கூடவே நகரும். 1961-ல் தொடங்கிய இந்த இறைப்பு இன்னும் நிற்கவில்லை.

பொறியியலாக இது அழகான தீர்வு. அதை ஒப்புக்கொள்ளாமல் குறை மட்டும் சொல்வது நியாயமில்லை. இந்த இறைப்பைச் சிக்கனமாக்க வேண்டும் என்ற தேவைதான் கண்காணிப்புக் குழாய்களையே கொண்டுவந்தது. எத்தனை பம்பு போதும், எங்கே அழுத்தம் மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது.

அழுத்தம் குறைவதும் நீர் வற்றுவதும்

இங்கே ஊர்க்காரர்களும் அதிகாரிகளும் கூட்டங்களில் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளாமல் பேசும் இடம் ஒன்று உண்டு. அடைபட்ட நீர்த்தாங்கியில் இருந்து கொஞ்சம் நீரை எடுத்தாலும் அழுத்தம் கிலோமீட்டர் கணக்கில் தூரத்துக்குக் குறையும், அதுவும் சீக்கிரமாக. ஏனென்றால் அங்கே மணல் வற்றுவதில்லை. இறுகியிருந்தது தளர்கிறது, அவ்வளவுதான். மேல்நிலை நீர்த்தாங்கியில் கதையே வேறு. அங்கே நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்க வேண்டும் என்றால் மணல் துளைகளில் இருந்து நிஜமாகவே நீர் வடிய வேண்டும். அதற்கு முந்தையதைப் போல நூறு, ஆயிரம் மடங்கு நீர் வெளியேற வேண்டியிருக்கும்.

இதன் விளைவு என்ன? சுரங்கத்தில் இருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி ஒருவருடைய 200 மீட்டர் ஆழ்துளைக் கிணற்றில் (போரில்) மட்டம் விழுவதற்கு அடிநீர் இறைப்பு காரணமாக இருக்கலாம். ஆனால் அதே ஊரில் 10 மீட்டர் திறந்த கிணறு காய்ந்ததற்கு அதே காரணத்தைச் சொன்னால் அது நிற்காது. அந்தக் கிணற்றுக்கு வேறு கேள்வி கேட்க வேண்டும். வெட்டுக்குழியின் பக்கச் சுவர் மேல்நிலை நீர்த்தாங்கியைக் குறுக்கே அறுத்து, அதன் நீரைக் குழிக்குள் கசியவிடுகிறதா? ஓடை திசை மாறியதால் ஏரிக்கு வந்த ஊறல் நின்றதா? அல்லது சுற்றி எல்லாரும் போர் போட்டு இறைத்ததா? மூன்றுக்கும் சாட்சி வேறு வேறு.

இதைப் பிரித்தறிய வேண்டுமானால் ஒரே இடத்தில் இரண்டு குழாய்கள் வேண்டும்: ஒன்று மேல்நிலைக்கு, ஒன்று அடிநிலைக்கு, நடுவில் களிமண்ணால் நன்றாக அடைத்து. சிக்கனத்துக்காக ஊரில் இருக்கும் போர்களையே கண்காணிப்புக் கிணறாகக் கணக்குக் காட்டுவது வழக்கம். அது பெரும்பாலும் வீண். இந்தப் பக்கம் போர் போடுபவர் மணல் வரும் இடத்தில் எல்லாம் ஃபில்டர் பைப் வைத்துத்தான் இறக்குவார்; அவருக்கு வேண்டியது நீர், பாடம் இல்லை. அந்தத் துளைக்குள் நான்கு அடுக்கு நீரும் கலந்து நிற்கும். அதில் காட்டும் மட்டம் எந்த அடுக்கினுடையதும் இல்லை. அந்த எண்ணை வைத்து வரைபடம் போட்டால் வண்ணம் நன்றாக வரும், உண்மை வராது.

குழாய்க்குள் நாடா

அளக்கும் வேலையைப் பார்த்திருக்காதவர்களுக்காக: நீர்மட்டம் பார்க்க ஒரு சுருள் நாடா, அதன் நுனியில் ஒரு உணர்கருவி. குழாயின் மூடியைத் திறந்து மெதுவாக இறக்கினால், நீரைத் தொட்டதும் மேலே சுருளில் 'பீப்' சத்தம் வரும். ஒருமுறை மேலே தூக்கி, மறுபடி இறக்கி, சத்தம் வரும் இடத்தைக் குழாயின் விளிம்பில் கட்டைவிரல் நகத்தால் பிடித்துப் படிக்க வேண்டும். எந்த விளிம்பு என்பதுதான் முக்கியம். போன ஆண்டு வந்தவர் குழாயின் வாயில் இருந்து அளந்திருப்பார், இந்த ஆண்டு வந்தவர் சிமென்ட் மேடையில் இருந்து அளப்பார். நோட்டில் நாற்பது சென்டிமீட்டர் நீர் காணாமல் போயிருக்கும். விளிம்பில் பெயின்ட்டால் ஒரு அம்புக்குறி போடாத கண்காணிப்புக் குழாயை நான் நம்புவதில்லை.

அடைபட்ட நீர்த்தாங்கியில் இன்னொரு விசித்திரமும் உண்டு. காற்றழுத்தம் கூடினால் குழாயில் மட்டம் இறங்கும், குறைந்தால் ஏறும். வங்கக் கடலில் புயல் சின்னம் நெருங்கும் நாளில், ஒரு சொட்டு மழை விழும் முன்பே, ஆழ்குழாயில் மட்டம் சில சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கும். கடலோரக் குழாய்களில் அலையேற்றத்தோடு மட்டமும் ஏறி இறங்கும். இது தெரியாமல் ஒருநாள் அளவை வைத்து 'மீண்டது' என்றும் 'உப்பு வந்தது' என்றும் எழுதிவிடக் கூடாது.

மாதிரி எடுப்பது அதைவிடப் பொறுமையான வேலை. குழாய்க்குள் நாள்கணக்கில் நின்ற நீர் நிலத்தடி நீரே இல்லை. குழாயின் இரும்பையும் காற்றையும் குடித்த நீர். குழாயின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு இறைத்துவிட்டு, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறனும் வெப்பநிலையும் அமிலக் குறியீடும் (pH) ஒரே அளவில் நின்ற பிறகுதான் பாட்டிலைப் பிடிக்க வேண்டும். கடலூர் மணற்பாறை நீர் உப்பு குறைவானது, சற்றே அமிலத் தன்மை உடையது, இரும்பு கலந்தது. பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். பாட்டிலை வண்டியின் மேல் வைத்துவிட்டு நோட்டில் எழுதி முடிப்பதற்குள் இளமஞ்சளாகும். கொஞ்ச நேரத்தில் அடியில் துரு படியும். காற்று பட்டதும் கரைந்த இரும்பு வெளியே வந்துவிடுகிறது. அந்த இரும்போடு ஒட்டிக்கொண்டு மற்ற உலோகங்களும் படியும். ஆகவே அந்த இடத்திலேயே வடிகட்டி, அந்த இடத்திலேயே அமிலம் சேர்க்காவிட்டால், ஆய்வகத்துக்குப் போவது வேறு நீர். மாலை வரை வெயிலில் நின்ற வண்டியில் கிடந்த மாதிரிக்கு மூன்று தசம இடம் வரை அளவு போட்டுக் கொடுக்கும் அறிக்கைகளைப் பார்க்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நவம்பர் எந்தக் காலம்?

நிலக்கரிச் சுரங்கங்களுக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் தரும் அனுமதிக் கடிதங்களில் வழக்கமாக ஒரு நிபந்தனை இருக்கும். நிலத்தடி நீர்மட்டத்தை ஆண்டுக்கு நான்கு முறை பார்க்க வேண்டும்: மழைக்கு முன் மே, மழைக்காலத்தில் ஆகஸ்டு, மழைக்குப் பின் நவம்பர், குளிர்காலத்தில் ஜனவரி. நீரின் தரத்தை ஆண்டுக்கு ஒருமுறை, மே மாதத்தில்.

இதைப் படித்ததும் கடலூர் மாவட்டத்தில் பிறந்த யாருக்கும் ஒன்று உறுத்தும். நவம்பர் இங்கே மழைக்குப் பின்னா? ஐப்பசி, கார்த்திகை அடைமழை நடுவில் நிற்கும் மாதம் அது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஆகஸ்டில் நமக்கு ஆடி முடிந்து ஆவணி. காற்றும் வெயிலும், இடையிடையே மாலை மழை. கடிதத்தில் இருக்கும் காலண்டர் ஜார்க்கண்டுக்கும் சத்தீஸ்கருக்கும் பொருந்தும். அங்கே தென்மேற்குப் பருவமழை செப்டம்பரோடு முடிகிறது, நவம்பர் நிஜமாகவே மழைக்குப் பிந்தைய மாதம். நெய்வேலியில் அதே அட்டவணையை அப்படியே பின்பற்றினால், 'மழைக்குப் பின் மீட்சி' என்று எழுதப்படும் அளவு பாதி மழையில் எடுத்ததாக இருக்கும். பருவமழை நவம்பர் முதல் வாரத்திலேயே கொட்டிய ஆண்டும், டிசம்பர் வரை இழுத்தடித்த ஆண்டும் ஒப்பிடவே முடியாத இரண்டு எண்களைத் தரும். நிபந்தனையை நிறைவேற்றியாகிவிட்டது, விஷயம் மட்டும் கையில் இல்லை.

தரத்துக்கு ஒரே மாதம் என்பது அதைவிட மோசம். மே மாதத்தில் அழுக்கை அடித்துவர மழை இல்லை. மண்மேடுகளில் இருந்தும், அனல்மின் நிலையச் சாம்பலைக் கொட்டும் சாம்பல் குளங்களில் இருந்தும் கரைந்து இறங்குவது மழையோடுதான் இறங்கும். முதல் பெருமழைக்குப் பின் ஒருமுறை, பருவமழை முடிந்து தை மாதத்தில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை என்றாவது இருந்தால்தான் நீரின் தரம் எப்படி மாறுகிறது என்று சொல்ல முடியும். விலை மலிவான தானியங்கி அழுத்தமானிகள் வந்துவிட்ட காலம் இது. குழாய்க்குள் தொங்கவிட்டால் மணிக்கு ஒருமுறை தானே பதிந்துகொண்டிருக்கும்.

மணிக்கணக்கு அளவு இன்னொரு பெரிய வழக்கையும் தீர்க்கும். மட்டம் விழுவது சுரங்கத்தாலா, விவசாயத்தாலா என்ற வழக்கு. சுரங்கம் நிறுத்தாமல் இறைக்கிறது. அதன் தடம் மெல்ல, சீராகச் சரியும் கோடு. விவசாய மோட்டார்கள் மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் ஓடி, போனதும் நிற்கும்; அவற்றின் தடம் ரம்பப் பல் மாதிரி இருக்கும். அறுவடைக் காலத்தில் பல் மறையும், நடவில் ஆழமாகும். ஒரு மின்வெட்டே இலவசமாகக் கிடைத்த ஆய்வு. எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் நின்றால் மட்டம் எவ்வளவு, எத்தனை வேகத்தில் எழுகிறது என்பதில் இருந்தே விவசாய இறைப்பின் பங்கைக் கணக்கிடலாம். ஆண்டுக்கு நான்கு எண்ணை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஆள் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல். விவசாயிகளின் பங்கும் அதில் வெளிப்படும் என்பதை நாம் ஏற்கத்தான் வேண்டும்.

கோடையிலும் ஓடும் ஆறு

இனி மேலே ஓடும் நீர். சுரங்கப் பகுதியின் வடிகால் பரவனாறு. ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு, வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வழியாகப் பாசனம் தந்து, கடலூர் முதுநகர்ப் பக்கம் கடலைத் தேடும் சிறு ஆறு. இயல்பாக மழைக்காலத்தில் மட்டும் ஓட வேண்டியது. சுரங்கத்தில் இறைத்த நீர் இதில் விழுவதால் கோடையிலும் ஓடுகிறது, அதை நம்பி நெல் நடுகிறார்கள். ஆகவே பரவனாற்றின் தரத்தைக் கேட்பது, ஓரளவுக்கு அடிநீர்த்தாங்கியின் தரத்தை வேறு வழியில் கேட்பதுதான். வீராணம் வறண்ட ஆண்டுகளில் நெய்வேலிச் சுரங்க நீரும் சுற்றுவட்டார ஆழ்குழாய் நீரும் புதிய வீராணம் குழாயில் சென்னைக்குப் போயிருக்கிறது. இதைச் சொன்னால் சென்னை நண்பர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

ஓடைக் கண்காணிப்பின் பால பாடம்: சுரங்கத்துக்கு மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுரங்கத்தின் பங்கு. நெய்வேலியில் இது அவ்வளவு சுலபம் இல்லை. கோடையில் மேல்புள்ளியில் நீரே இருக்காது. கீழ்ப்புள்ளியில் ஓடுவது முழுக்கச் சுரங்க நீரும் அனல்மின் நிலையக் கழிவு நீரும். போதாததற்கு ஆற்றையே நகர்த்துகிறார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லின் மேல் இயந்திரங்கள் இறங்கியது நினைவிருக்கும். பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக நடந்தது அது. அந்தப் போராட்டத்தின் நியாயம் தனிக் கட்டுரை. நீரை அளப்பவனுக்கு அதில் ஒரு சிறு துக்கம் உண்டு: ஆறு நகர்ந்தால் அதன் கரையில் இருந்த அளவீட்டுப் புள்ளியின் பழைய வரலாறு முழுவதும் அறுந்துபோகும்.

எதை அளப்பது என்பதும் இடத்துக்கு இடம் மாறும். மேகாலயாவின் ஜயிந்தியா மலையில் கந்தகம் மிகுந்த நிலக்கரி. எலிவளை போன்ற குறுகிய சுரங்கங்களில் இருந்து வடியும் நீர் அமிலமாகி, லூகா ஆறு குளிர்காலத்தில் நீல நிறமாக ஓடி, மீன்கள் செத்தன. 2014-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அங்கே எலிவளைச் சுரங்கத்துக்குத் தடை விதித்தது. அங்கே ஒரு லிட்மஸ் தாளே பாதிக் கதை சொல்லிவிடும். நெய்வேலிக் கரியில் கந்தகம் குறைவு. அமிலக் குறியீட்டை மட்டும் அளந்துவிட்டு 'எல்லாம் வரம்புக்குள்' என்று எழுதுவது இங்கே மிகச் சுலபம், அதனால்தான் அது போதாது. இங்கே பார்க்க வேண்டியவை மிதக்கும் வண்டல், சாம்பலில் இருந்து கரையும் உலோகங்கள், இரும்பு, எண்ணெய்ப் பிசுக்கு.

வண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். நிலக்கரிச் சுரங்கக் கழிவு நீருக்கு 2000-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரை இருக்கலாம். சின்ன எண் மாதிரித் தெரியும். ஒரு சதுர கிலோமீட்டர் குழியில் ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை என்றால் சேர்வது 10 கோடி லிட்டர். வடகிழக்குப் பருவமழையில் அப்படி ஒரு நாள் அபூர்வம் இல்லை. அத்தனையையும் இறைத்து ஓடையில் விட்டாக வேண்டும். ஒவ்வொரு லிட்டரும் விதிக்கு உட்பட்டதாகவே இருந்தாலும், அதோடு போகும் வண்டல் 10 டன். விதியை மீறாமலே ஏரி தூர்ந்துபோகும். பெருமாள் ஏரி, வாலாஜா ஏரிப் பாசனக்காரர்கள் 'ஏரியில் தண்ணீரைவிடச் சேறுதான் அதிகம்' என்று சொல்லிக்கொண்டே இருப்பதன் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. செறிவை மட்டும் அளந்து, ஓட்டத்தின் அளவைப் பெருக்கிப் பார்க்காவிட்டால் இது எந்த அறிக்கையிலும் வராது. அதைவிட, மாதிரி எடுப்பவர் வருவது மழை வெறித்த மறுநாள்தான். வண்டல் போவது கொட்டும் மழையில், பாதி ராத்திரியில்.

பாதரசம் என்ற எண்

2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்கள் என்ற சூழல் அமைப்பும் மந்தன் அத்யயன் கேந்திரா என்ற ஆய்வு மையமும் நெய்வேலி, பரங்கிப்பேட்டை வட்டாரத்து நீரையும் மண்ணையும் பற்றி ஒரு ஆய்வை வெளியிட்டன. வடக்குவெள்ளூரில் ஒரு வீட்டுப் போர் நீரில் பாதரசம் பாதுகாப்பான அளவைப் போல 250 மடங்கு என்று அது சொன்னது. செய்தியைப் பார்த்துத் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

குடிநீரில் பாதரசத்துக்கு இந்திய வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம், அதாவது ஒரு மைக்ரோகிராம். 250 மடங்கு என்பது சிறிய குற்றச்சாட்டு இல்லை. இந்த மாதிரி ஒரு எண் வந்தால் இரண்டு எதிர்வினைகள் உடனே கிளம்பும்: ஒன்று பீதி, இன்னொன்று மறுப்பு. நீரை அளப்பவர் செய்ய வேண்டியது அதே வாரத்தில் அதே குழாயடிக்குத் திரும்பிப் போவது. பாதரசம் ஏமாற்றுக்கார உலோகம். சாதாரண பிளாஸ்டிக் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொண்டு குறைவாகக் காட்டும். சுத்தமில்லாத பாட்டிலில் இருந்து தொற்றி அதிகமாகவும் காட்டும். கண்ணாடி பாட்டில் வேண்டும், அங்கேயே அமிலம் சேர்க்க வேண்டும், கூடவே தூய நீர் நிரப்பிய ஒரு வெற்று மாதிரியையும் களத்துக்குக் கொண்டுபோய்த் திறந்து மூடிக் கொண்டுவர வேண்டும். அந்த வெற்று மாதிரியில் பாதரசம் வந்தால் தவறு நம்முடையது. வராமல், போர் நீரில் மட்டும் மறுபடி வந்தால், அதற்குப் பிறகு யாரும் தப்ப முடியாது. வடிகட்டியது ஒன்று, வடிகட்டாதது ஒன்று என்று இரண்டும் வேண்டும். சாதாரண நிலத்தடி நீரில் பாதரசம் அதிகம் கரைந்து நிற்பதில்லை. களிமண் துகளிலும் சாம்பல் துகளிலும் ஏறி வரும். துகளில் வந்ததா, கரைந்து வந்ததா என்பது எங்கிருந்து வந்தது என்பதற்கான முதல் தடயம்.

இதில் என் கருத்து நேரடியானது. ஒரு தன்னார்வ அமைப்பு ஒரே ஒருமுறை மாதிரி எடுத்துத்தான் இந்தக் கேள்வியை எழுப்ப வேண்டியிருந்தது. அறுபது ஆண்டுக்கு மேல் அடிநீரின் அழுத்தத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த இடத்தில், சாம்பல் குளத்தில் இருந்து ஊர்க் கிணறு வரை ஒரு நேர்கோட்டில் குழாய்களும், அவற்றில் உலோகங்களின் தொடர் பதிவும் எல்லாரும் பார்க்கும்படி இருந்திருந்தால், 250 என்ற எண்ணை அன்றே சரி என்றோ தவறு என்றோ சொல்லியிருக்கலாம். ஒற்றை எண்ணோடு வாதாட வேண்டிய நிலை வந்ததே கண்காணிப்பின் தோல்வி.

முப்பதாயிரம் வயது

ஹைதராபாதில் உள்ள தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் அறிஞர்கள் இந்த அடிநீருக்கு வயது பார்த்திருக்கிறார்கள். நீரில் கரைந்திருக்கும் கரிமத்தின் கதிரியக்க ஐசோடோப்பை வைத்து, மேட்டு நிலத்தில் இருந்து கடல் பக்கமாக வரிசையாகப் போர்களில் எடுத்த மாதிரிகள். மழை இறங்கும் இடத்தில் இன்றைய நீர். கிழக்கே போகப் போக வயது ஆயிரக்கணக்கில் கூடி, கடலோரத்தில் ஏறத்தாழ 30,000 ஆண்டு வரை. அந்த நீரின் வேதியியலில் இருந்து பழைய காலத்து வறட்சியையும் ஈரத்தையும்கூடப் படித்து, 1998-ல் வெளியிட்டார்கள்.

கண்காணிப்புக்கு இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. கடலோரத்தில் இறைக்கும் நீர், அடுத்த பருவமழையில் திரும்பி வரும் நீர் இல்லை. இன்னொன்று உப்பு. நெய்வேலி கடல்மட்டத்தில் இருந்து சில பத்து மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கரியின் அடியோ பல இடங்களில் கடல்மட்டத்துக்குக் கீழே. அங்கே நீர்த்தூணை 17 மீட்டருக்கு இறக்கினால், சுரங்கத்தடியில் அடிநீரின் அழுத்தம் கடல்மட்டத்துக்கும் கீழே போய்விடும் என்பது எளிய கழித்தல். கடற்கரை கிழக்கே முப்பது, நாற்பது கிலோமீட்டர். மேற்கில் இருந்து கிழக்கே போய்க்கொண்டிருந்த நீர் சுரங்கத்தை நோக்கித் திரும்பினால், பின்னாலேயே கடல் நகரத் தொடங்கும். நகர்வது ஆண்டுக்குச் சில மீட்டராக இருக்கும்; யாருடைய பதவிக் காலத்திலும் தெரியாது. தெரிய வேண்டும் என்றால் சுரங்கத்துக்கும் கடலுக்கும் நடுவில், குறிஞ்சிப்பாடிப் பக்கமும் அதற்குக் கிழக்கேயும், அடுக்குக்கு ஒன்றாக ஆழ்குழாய்கள் இறக்கி, மின்கடத்துத்திறனைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். சுரங்கத்தின் பாதுகாப்புக்கு இந்தக் குழாய்கள் தேவையே இல்லை. அதனால் இவற்றுக்கான பணத்தைச் சுரங்கக் கணக்கின் எந்தத் தலைப்பில் எழுதுவது என்ற கேள்வியிலேயே திட்டம் நின்றுவிடக் கூடும்.

செய்ய வேண்டியது பெரிய ஆராய்ச்சி இல்லை. இணைக் குழாய்கள், மணிக்கு ஒருமுறை பதியும் கருவி, நம் மழைக்கு ஏற்ற காலண்டர், ஓடையில் ஓட்டத்தையும் சேர்த்து அளக்கும் ஒரு மதகு, கடல் பக்கம் ஒரு வரிசை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மாதிரியை மூன்றாகப் பிரித்து, ஒன்று நிறுவனத்துக்கு, ஒன்று குடிநீர் வாரிய ஆய்வகத்துக்கு, முத்திரை வைத்த மூன்றாவது ஊராட்சி அலுவலகக் குளிர்பெட்டிக்கு. முதல் இரண்டும் ஒத்துப்போகாத நாளில்தான் மூன்றாவதைத் திறக்க வேண்டும். பாட்டிலின் மேல் ஊர்க்காரர் ஒருவரின் கையெழுத்தும் இருக்கட்டும். தை மாதத்தில், மழை நின்று வரப்பு காய்ந்த பிறகு, முதல் சுற்றைத் தொடங்கலாம்.